கடல் கடந்து வந்த காரின் சுக்கான்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் மங்கலம்பேட்டை என்னும் ஊர் உள்ளது. அவ்வழியே செல்லும் மாட்டு வண்டியொன்று வளைந்து திரும்புவதை உற்று நோக்குங்கள். மாடுகள் திரும்ப, நுகத்தடி திரும்பும். அதனோடு வண்டியும் திரும்பும். அதற்கெனத் தனியே ஒரு சுக்கான் வேண்டுவதில்லை. மோட்டார் வண்டிக்கோ ஸ்டீயரிங் என்னும் சுக்கானே உயிர்நிலை. எஞ்சின் பழுதானால் வண்டி நின்றுவிடும்; அவ்வளவே. விரைந்து ஓடும்பொழுது சுக்கான் பழுதானால் உள்ளிருப்போர் உயிருக்கே இடர் நேரும்.

வண்டி வளையும்பொழுது உட்புறச் சக்கரம் சிறு வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரு வட்டத்திலும் செல்கின்றன. ஆதலின் உட்சக்கரம் சற்று மிகுதியாகத் திரும்புதல் வேண்டும். குதிரை வண்டிகள் ஓடிய காலத்திலேயே லாங்கென்ஸ்பெர்கர் என்னும் ஜெர்மானியர் இதற்கு வழி கண்டார். அவர் பொருட்டு ஆக்கர்மன் என்பவர் 1818-இல் லண்டனில் காப்புரிமை பெற்றார். இன்றைய கார்களும் பெரும்பாலும் அந்நெறியைத் தழுவியே அமைகின்றன.

பழைய அமெரிக்கக் கார்களில் ஓட்டுநர் திருப்பும் சக்கரத்தின் தண்டு, ஸ்டீயரிங் பெட்டிக்குள் ஒரு திருகாக முடியும். அத்திருகு ஒரு பல்லையோ உருளையையோ தள்ளும். அதனால் பெட்டிக்கு வெளியேயுள்ள ‘டிராப் ஆர்ம்’ என்னும் இரும்புக் கை அசையும். அக்கை ‘டை ராடு’ எனப்படும் கம்பிகளை இழுக்கும். அவை முன்சக்கரங்களைக் ‘கிங்பின்’ என்னும் முளைகளின்மீது திருப்பும். கிங்பின்கள் சுழல்வதற்கு வெண்கலப் புஷ்கள் உண்டு.

இத்தகைய கார்கள் நம் நாட்டிற்கு வந்த வரலாறு சுவையானது. கனடாவிலிருந்த போர்டு கம்பெனி 1926-இல் இந்தியாவில் தன் கிளையை நிறுவியது. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் செவர்லே வண்டிகளைப் பூட்டத் தொடங்கிற்று. 1947 முதல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அங்கேயே டாட்ஜ், பிளிமத் போன்ற கார்களை உருவாக்கியது. முன்னைய இரு அயல்நாட்டுக் கம்பெனிகளும் 1950-களின் நடுவில் அப்பணியை நிறுத்தின. கம்பெனிகள் போயின, கார்கள் தங்கிவிட்டன. அவற்றுட் சில இன்றும் பேணி ஓட்டப்படுகின்றன.

எழுபது ஆண்டு ஓடிய காரில் புஷ்கள் தேயும். டை ராடு முனைகள் ஆடும். ‘காரின் தாயகம் அமெரிக்கா; உறுப்புகளை அங்கிருந்தே தருவித்தால் போயிற்று’ என்று எண்ணத் தோன்றும். இங்கேதான் சிக்கல். அமெரிக்கர் சாலையின் வலப்புறம் செல்வர். அவர்தம் காரில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்வார். நாமோ இடப்புறம் செல்பவர். நம் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வார். ஆகவே இங்கு வந்த வண்டியின் ஸ்டீயரிங் பெட்டி பெரும்பாலும் அமெரிக்கப் பெட்டியின் கண்ணாடிப் பிம்பம் போன்றது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர் இதனை எளிதில் உணர்வர். பொம்மையில் எழுத்து நேராகத் தெரிய வேண்டுமாயின், அச்சில் அஃது இடவலம் மாறியன்றோ இருத்தல் வேண்டும்? இடப்பக்கத்துப் பெட்டியை வலப்பக்கத்தில் புரட்டிப் பொருத்தினாலோ, ஓட்டுநர் வலப்புறம் திருப்ப, வண்டி இடப்புறம் ஓடவும் கூடும்!

எனினும் எல்லா உறுப்புகளும் அத்தகையன அல்ல. கிங்பின், புஷ், சக்கரத் தாங்கிகள், டை ராடு முனைகள் ஆகியவற்றுள் பல இருவகைக் கார்களுக்கும் பொது. இவற்றை அமெரிக்காவிலிருந்தே வரவழைக்கலாம். பெட்டி, டிராப் ஆர்ம் ஆகியவற்றை வேண்டுவோர், நம்மைப் போலவே இடப்புறம் செல்லும் ஆஸ்திரேலியாவிலோ தென்னாப்பிரிக்காவிலோ தேடுவது அறிவுடைமை. அந்நாடுகளிலும் செவர்லே, போர்டு முதலிய கார்கள் மிகுதியாக ஓடின. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டி உறுப்புகளை விற்கும் கடைகளிலும் தேடிப் பார்க்கலாம்.

கிடைக்காதவற்றுட் சிலவற்றை இங்கேயே செய்துகொள்ளலாம். நல்ல கடைசல் பட்டறையில் வெண்கலப் புஷ் கடைவது அரிய செயலன்று. 1960-களில் அமெரிக்கா வணிகத் தடை விதித்தபின், கியூபா நாட்டினர் தம் பழைய கார்களைக் கைவேலையாலும் ரஷ்ய வண்டிகளின் உறுப்புகளாலுமே ஓட வைத்தனர். அவர்தம் திறமை போற்றத்தக்கதே. ஆயினும் சுக்கானில் எல்லாவற்றையும் ஒட்டுப் போடுதல் தகாது. டிராப் ஆர்ம் உலையில் காய்ச்சி அடித்து உருவாக்கிய எஃகு. அது விரிந்தால் பற்றவைத்தல் கூடாது. பற்றவைக்கும் சூட்டினால் எஃகின் பதம் கெடும். பின்பு அஃது எங்கே, எப்பொழுது முறியும் என்று எவரும் கூற இயலாது.

பெட்டியின் ஆட்டத்தைக் குறைக்க அதன்மேல் ஒரு திருகாணி இருக்கும். அதனை முறுக்கினால் போதும் என்று சிலர் கருதுவர். கார் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் உள்ளிருக்கும் திருகு நடுவில் மிகத் தேய்ந்தும், ஓரங்களில் தேயாமலும் இருக்கும். நடுவிலுள்ள ஆட்டம் முழுதும் மறையும்படி முறுக்கினால், ஓரங்களில் அஃது இறுகிப் பிடிக்கும். வளைவில் திருப்பிய சக்கரம் மீண்டு வாராது. அத்தகைய பெட்டியில் திருகையே மாற்றுதல் வேண்டும்.

இனி டை ராடு. பல கார்களில் அதன் ஒரு முனையில் வலம்புரி மரையும், மறுமுனையில் இடம்புரி மரையும் இருக்கும். சங்குகளில் இருவகை உண்டன்றோ, அதுபோல. ஆதலின் நடுக்குழாயைத் திருப்பினாலே கம்பி நீளும் அல்லது குறுகும். இதனைக் கொண்டு முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் ஒரு சிறிது உள்நோக்கி நிற்குமாறு அமைப்பர். டயரில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடுவது பழைய முறை. பின்னர் மரைகளை இறுக்கி, புதிய பூட்டு ஊசிகளைச் செருகி, மசகு இட்டு, ஆளில்லாத வெளியில் மெல்ல ஓட்டிப் பார்ப்பர். வளைவு முடிந்ததும் பிடியைச் சற்றுத் தளர்த்தினால், சக்கரம் தானே நேர்நிலைக்குத் திரும்பும்.