வெள்ளத்தில் நனைந்த இசைக்கருவிகள்

மட்டக்களப்பு நாட்டாருக்கு வெள்ளம் புதியதன்று. மாரிமழை மிகும்போது மேற்கேயுள்ள ஆறுகளும் குளங்களும் பெருகி வாவியில் வந்து சேர்கின்றன. முகத்துவாரத்து மணற்றிடல் வெட்டப்படும்வரை அந்நீர் கடலுக்குச் செல்ல வழியின்றிக் கரையோர ஊர்களில் ஏறிவிடும். 1957ஆம் ஆண்டு மார்கழியிலும் 2011ஆம் ஆண்டு தையிலும் பெருவெள்ளம் வந்தது. 2004ஆம் ஆண்டு மார்கழியில் கடலே ஊருக்குள் புகுந்தது.

வெள்ளம் வடிந்ததும் மக்கள் முதலில் நெல்லையும் உடுபுடைவையையும் காப்பது இயல்பு. மத்தளமும் ஆர்மோனியமும் வீணையும் அதன் பின்னரே நினைவுக்கு வரும். உடனே அவற்றை முற்றத்து வெயிலிற் பரப்புவர். நீர் செய்த கேட்டிலும் பார்க்க இவ்வெயில் செய்யும் கேடு பெரிதாதல் கூடும்.

இதற்குக் காரணம் என்ன? மரம் நீரை உண்டு பருக்கும். வெயிலில் அதன் மேற்புறம் விரைவிற் காய்ந்து சுருங்க, உட்புறம் ஈரமாகவே நிற்கும். அதனால் மரம் வெடிக்கும். நனைந்த தோலும் காயுங்கால் இறுகும். வார் தளர்த்தப்படாவிடின் தோல் கிழியும். வீணையின் மெட்டுகள் மெழுகிற் பதிக்கப்பட்டவை. வெப்பத்தில் மெழுகு இளகினால் அவை இடம்பெயரும்.

ஆகவே நேயர்கள் செய்யத்தக்கவை இவை. முதலிற் கருவியை உறையிலிருந்தும் பெட்டியிலிருந்தும் வெளியே எடுத்து, வாரையும் தந்திகளையும் தளர்த்துதல் வேண்டும். அடுத்து, தெளிந்த நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சேற்றைத் துடைத்தல் வேண்டும். வாவி நீர் உப்புக் கலந்தது. எஞ்சிய உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து உலோகத்தை அரிக்கும். பின்னர் காற்றோட்டமுள்ள நிழலில், இரு மரச்சட்டங்களின்மேல் வைத்து, நாள்தோறும் திருப்பிவிடுதல் நன்று. ஓரிரு நாளிற் பூஞ்சணம் தோன்றலாம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அதனை வெளியிடத்திலே துடைக்க வேண்டும்.

மிருதங்கத் தோலிலுள்ள கருஞ்சாந்து சோறும் கற்றூளும் சேர்த்து இடப்பட்டது. அது நீரில் கரையும். தோலைப் புதிதாக மூட்டலாம், கட்டையை எறிந்துவிடலாகாது. ஆர்மோனியத்தின் துருத்தியை ஈரத்தோடு இயக்கலாகாது. பசை விட்ட பொருத்துகளை மீண்டும் ஒட்டலாம். ஒலிபெருக்கியை உலர்ந்துவிட்டதென்று கருதியும் மின்சாரத்தில் இணைத்துப் பார்த்தல் தவறு. இணைப்பை நீக்கிய பின்னரும் அதனுள்ளே மின்சாரம் தேங்கியிருக்கக்கூடும். அதனைத் திறப்பது தொழில் அறிந்தவரின் வேலை.

இத்தனை பொறுமைக்கு நேரமுண்டா என்று சிலர் கேட்கலாம். வெள்ளம் வருவது மாரியில். அண்ணாவியார் கூத்துக்கு மத்தளத்தைத் தேடுவது பெரும்பாலும் அறுவடை முடிந்த பின்னர். இடையே சில கிழமைகள் இருக்கின்றன.

திருத்தவே இயலாத கருவியையும் அளந்து குறித்து வைத்தல் வேண்டும். பண்டைத் தமிழரின் யாழ் ஒன்றேனும் எஞ்சவில்லை. அதனால், காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ்நூலுக்காகச் சிலப்பதிகாரம் முதலிய நூல்களைக் கொண்டே அதன் இயல்பை ஆராய்ந்து காண நேர்ந்தது. பழைய மத்தளக் கட்டை ஒன்று வீட்டில் இருக்குமாயின், அதன் நீளமும் இரு வாய்களின் அகலமும் மரத்தின் கனமும் புதிய மத்தளம் செய்வோருக்கு அளவாக நின்று உதவும்.