முட்டை மிதந்தால் விதை தேறும்

சிறிய இரும்பாணி ஒன்றைக் கிணற்றில் போட்டால் உடனே மூழ்கிவிடுகிறது. பல்லாயிரம் டன் எடையுள்ள இரும்புக் கப்பலோ கடலில் மிதந்து செல்கிறது. இஃது ஏன் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் என்ன விடை கூறுவோம்? அவ்விடையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திண்டிவனத்திற்குக் கிழக்கே, மரக்காணத்தில் விளையும் உப்பில் சில பிடியும் ஒரு கோழிமுட்டையும் போதும்.

பாத்திரத்தில் நல்ல தண்ணீர் எடுத்து, அதில் புதிய முட்டையை இடுங்கள். அது அடியில் போய்த் தங்கும். இனி உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து வாருங்கள். ஒரு நிலையில் முட்டை மெல்ல எழும்பி மேலே வந்துவிடும். முட்டை மாறவில்லை, நீர்தான் மாறியது.

நீரில் அமிழும் எப்பொருளும் தன் பருமனளவு நீரை விலக்குகிறது. விலக்கப்பட்ட நீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசையோடு நீர் அப்பொருளை மேலே தள்ளுகிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை இது. ஒரு லிட்டர் நன்னீரின் எடை ஒரு கிலோ. கடல்நீரோ ஏறக்குறைய 1.025 கிலோ. நீர் கனக்கக் கனக்க, அது தாங்கும் ஆற்றலும் மிகுகிறது. இரும்பு நீரைப்போல் ஏழு மடங்குக்கும் மேற்பட்ட அடர்த்தியுடையது. ஆதலின் ஆணி மூழ்குகிறது. கப்பலின் உட்புறமோ பெரிதும் வெற்றிடம். அது தன் முழு எடைக்கு நிகரான நீரை விலக்கிக்கொண்டு மிதக்கிறது.

மரக்காணத்து உப்பளங்களில் இவ்வுண்மை அன்றாடத் தொழிலாகும். உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் காயவிடுகின்றனர். நீர் வற்ற வற்ற அடர்த்தி ஏறுகிறது. அதனைத் திரவமானி என்னும் மிதக்கும் கருவியால் 'டிகிரி' கணக்கில் அளக்கலாம். கடல்நீர் மூன்று டிகிரியளவு காட்டும். ஏறத்தாழ 25 டிகிரியில் உப்புப் பூக்கத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்கும்போது கசப்பு உப்புகள் கலந்துவிடுமாதலால், எஞ்சிய நீரை வெளியேற்றிவிடுவர்.

விழுப்புரம் வட்டாரத்து நெல் உழவர்க்கும் இது கைகொடுக்கும். கடன்பட்டு உழுது நாற்றுவிட்டபின், விதையில் பாதி முளைக்காது போனால் அக்குடும்பத்தின் நிலை என்ன? சாதாரணத் தண்ணீரில் விதையைக் கொட்டினால் முற்றிலும் பதரானவை மட்டுமே மிதக்கும். அரைகுறையாக மணி பிடித்தவை நல்ல விதையோடு சேர்ந்து மூழ்கி, நம்மை ஏமாற்றிவிடும்.

இதற்கு எளிய வழி உண்டு. 10 லிட்டர் நீரில் புதிய முட்டையை இட்டு, அது எழும்பி, பழைய 25 காசு நாணய அளவிற்கு மேலே தெரியும்வரை உப்பைக் கரைக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ பிடிக்கும். பின் முட்டையை எடுத்துவிட்டு, 10 கிலோ விதைநெல்லை அதில் கொட்டிக் கிளறுக. உமிக்குள் காற்றிடம் மிகுந்த, எடை குறைந்த நெல் மிதக்கும். அதை அரித்து எடுத்துவிடுக. அடியில் தங்கியதே தேர்ந்த விதை. அதனை உடனே இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவுதல் இன்றியமையாதது. உப்பு ஒட்டியிருந்தால் முளைப்புக் கெடும். உப்புநீரை வயலில் ஊற்றிவிடவும் கூடாது.

அடுத்த பட்டத்திற்கு நாற்றுவிடுமுன் இதனைச் செய்து பாருங்கள். முட்டை எழும்பும் வேளையில் பிள்ளைகளையும் அருகில் அழைத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது என்ற வினாவிற்கு விடையும், வயலுக்கு நல்ல விதையும் ஒரே பாத்திரத்தில் கிடைத்துவிடும்.