தராசும் சைக்கிளும்

கடந்த மாதம் எமது வானொலியில் சைக்கிள் ஓட்டம் பற்றி நான் பேசியபோது, தொலைபேசியில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒன்றேதான்: “சைக்கிள் ஓடினால் எத்தனை கிலோ குறையும்?” அன்றைக்கு நேரம் போதவில்லை. ஆகவே பதிலை இங்கே எழுதுகிறேன். பதில் கொஞ்சம் நீளம். நான் விட்ட ஒரு பிழையும் அதற்குள் வருகிறது.

நான் வைத்தியன் அல்லன். கணக்கு வேலை செய்பவன். மெல்பேர்ணின் கிழக்குப் பகுதியில் சுமார் பதினைந்து பேர் கொண்ட ஒரு குழுவோடு பதினொரு வருடமாக ஞாயிறு காலைகளில் சைக்கிள் ஓடுகிறேன். எங்களில் ஏழு பேர் தமிழர். இந்தக் குழுக்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இருட்டு விலகமுன் கூடுவோம், ஐம்பது அறுபது கிலோமீற்றர் ஓடுவோம், பிறகு கோப்பிக் கடை ஒன்றில் இறுகிய உடுப்போடு இருந்து ஒரு மணித்தியாலம் கதைப்போம். உண்மையில் அந்தக் கதைக்காகத்தான் பலர் வருகிறார்கள். அந்தக் கதையில் பாதி கிலோவைப் பற்றியது. யாருடைய சைக்கிள் எத்தனை கிலோ, யாருக்கு வயிறு வைத்திருக்கிறது, யார் மெலிந்து விட்டார்.

இதற்குப் பின்னால் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. எங்கள் பக்கத்தில் ‘வன் இன் ட்வென்டி’ என்று ஒரு மலைப்பாதை. த பேசினில் தொடங்கி சசாஃப்ராஸ் வரை ஏறக்குறைய 7 கிலோமீற்றர். இருபது மீற்றர் போனால் ஒரு மீற்றர் உயரும் என்பதே பெயரின் பொருள். அப்படியான 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போக, சைக்கிளோடு சேர்த்து 70 கிலோ உள்ளவர் புவியீர்ப்பை வெல்ல மட்டும் சுமார் 143 வாட் சக்தி கொடுக்க வேண்டும். 100 கிலோ என்றால் 204 வாட். ஆகவே மலையில் கிலோ பேசும். அதனால்தான் டூர் டி பிரான்ஸ் ஓடுபவர்கள் தங்கள் வலுவை உடல் எடையால் பிரித்துப் பார்க்கிறார்கள். 1998இல் வென்ற மார்க்கோ பன்டானி 57 கிலோ அளவில் இருந்த சிறிய மனிதர்.

ஆனால் சமதரையில் கதை வேறு. அங்கே எதிரி காற்று. கடற்கரை வீதியில் மணிக்கு 30 கிலோமீற்றரில் போகும்போது, அந்த 30 கிலோ வித்தியாசம் கேட்பது பத்துப் பன்னிரண்டு வாட் மட்டுமே. 1991 முதல் 1995 வரை ஐந்து தடவை தொடர்ந்து டூர் வென்ற மிகேல் இந்துராயின் 80 கிலோ அளவில் இருந்தவர். தனியாக நேரத்துக்கு எதிராக ஓடும் போட்டிகளில் மற்றவர்களை அடித்து நொறுக்கி, மலைகளில் விட்டுக்கொடுக்காமல் தாக்குப்பிடித்தார். இறக்கத்திலோ பாரமானவருக்கே வேகம் கூட.

இன்னுமொரு கணக்கு. ஆளும் சைக்கிளுமாக 100 கிலோ என்றால், ஒரு கிலோ குறைப்பது ஒரு சதவீதம். அரை மணித்தியாலம் எடுக்கும் ஏற்றத்தில் அது கிட்டத்தட்ட 18 செக்கன். இதற்காக ஆயிரக்கணக்கான டொலரைக் கொட்டி மெல்லிய சில்லு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். (நானும் ஒருவன். வீட்டில் விலையைப் பாதியாகச் சொன்னேன்.) போத்தல் தண்ணீரிலேயே முக்கால் கிலோ இருக்கிறது.

சரி, என் பிழைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் எங்களோடு ஒரு அண்ணை சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், 104 கிலோ. சீனி வருத்தம் தொடங்கும் நிலை, உடற்பயிற்சி செய்யச் சொல்லி டொக்டர் அனுப்பியிருந்தார். யாழ்ப்பாணத்தில் சைக்கிளிலேயே வளர்ந்த மனிதர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை. பாரில் பிள்ளை, கரியரில் அரிசி மூட்டை அல்லது ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி என்று குடாநாடே சைக்கிளில் ஓடியது. அந்த நாட்களில் விறகு கட்டி எத்தனை கட்டை ஓடினார் என்று அவர் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அங்கே ஒரு சைக்கிள்காரனின் பெருமை எவ்வளவு சுமந்தான் என்பதில் இருந்தது.

மூன்றாவது கிழமை மலைக்குப் போனோம். அவர் மேலே வந்து சேர நாங்கள் இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். வந்து இறங்கியவரிடம் எல்லாரும் கேட்க நான் சொன்னேன்: “என்ன அண்ணை, மலையில ஏறினியளோ, மலையத் தூக்கிக்கொண்டு வந்தியளோ?” எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு இரண்டு ஞாயிறு வந்தார். அதன்பின் முழங்கால் நோ என்றார். நானும் நம்பினேன். எட்டு மாதம் கழித்து ஒரு கலியாண வீட்டில் அவருடைய மனைவி சொன்னார்: “முழங்காலில ஒண்டுமில்லைத் தம்பி. சைக்கிள் கராஜில தொங்குது. இவருக்கு இப்ப சீனிக்குக் குளிசை கூட்டியிருக்கினம்.” கையில் இருந்த றோல்ஸை என்னால் சாப்பிட முடியவில்லை.

அந்த எட்டு மாதத்தில் அவர் இழந்தது என்ன என்று பிறகுதான் படித்து அறிந்தேன். சைக்கிள் மட்டும் ஓடி எடை பெரிதாகக் குறைவதில்லை. ஒரு மணித்தியால ஓட்டத்தில் 400 முதல் 600 கலோரி செலவாகும், கோப்பியும் ஒரு மஃபினும் அதைத் திருப்பித் தந்துவிடும். ஆனால் எடை ஒரு கிராமும் குறையாவிட்டாலும், தசைகள் குளுக்கோசை எடுக்கும் திறன் கூடுகிறது, இதயம் பலப்படுகிறது. எங்கள் இனத்தவருக்கு இது முக்கியம். தெற்காசியருக்கு மெலிந்த தோற்றத்திலேயே நீரிழிவு வரக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 23இலிருந்தே கவனம் தேவை என்று சொன்னது. பொதுவான எல்லை 25. தராசைவிட ஓர் அளவு நாடா நல்ல தகவல் தரும்: தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் டொக்டரிடம் கதையுங்கள்.

மறு பக்கமும் உண்டு. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் மகள், பல்கலைக்கழக மாணவி. தாயின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெண்கள் குழு ஒன்றில் சேர்ந்து ஒரே வருடத்தில் மலையேற்றத்தில் முதலாவதாக வந்தாள். ஆளும் பாதியாகிவிட்டாள். குழுவில் பாராட்டு. எங்கள் சனத்திடமோ இரட்டைப் பாராட்டு. ஒரு ஆண் மெலிந்தால் “என்ன, வருத்தமோ?” என்று கேட்கும் எங்கள் மாமிமார், பெண் பிள்ளை மெலிந்தால் “இப்பத்தான் சாறி வடிவா நிக்குது” என்கிறார்கள். அவள் சோற்றை விட்டதையோ, மாதவிலக்கு ஏழு மாதமாக நின்றிருந்ததையோ ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நாள் சிவப்பு விளக்கில் நிற்கும்போது சரிந்து விழுந்தாள். அவ்வளவுதான் விழுகை, மணிக்கட்டு முறிந்தது. ஸ்கான் எடுத்துப் பார்த்தால் எலும்பின் அடர்த்தி வயதுக்கு மிகக் குறைவு.

சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்கு ஒரு பெயர் கொடுத்தது. தமிழில் சொன்னால், விளையாட்டில் ஏற்படும் சக்திப் பற்றாக்குறை. செலவழிக்கும் அளவுக்குச் சாப்பிடாதபோது உடல் முதலில் ஓமோன்களையும் எலும்பையும் சிக்கனப்படுத்துகிறது. ஆண்களுக்கும் வரும். சைக்கிளில் இன்னொரு சங்கடம்: இருக்கையில் இருந்து உழக்குவதால், நடக்கும்போதும் ஓடும்போதும் எலும்பில் படும் அதிர்ச்சி இதில் இல்லை, ஆகவே எலும்பு தானாகப் பலப்படுவதில்லை. 2025இல் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸை வென்ற பொலீன் ஃபெரான் பிரேவோ, அதற்காகத் தான் எடை குறைத்ததாகவும் அது எப்போதும் வைத்திருக்கக் கூடிய நிலையல்ல என்றும் தானே சொன்னார். அவரைச் சுற்றி மருத்துவர்கள் இருந்தார்கள். எங்கள் பிள்ளையைச் சுற்றி நாங்கள்தான் இருந்தோம். சர்வதேச சைக்கிள் சம்மேளனம் போட்டிச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதித்திருக்கிறது. ஓடுபவருக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது.

பிள்ளை இப்போது சாப்பாட்டு நிபுணர் ஒருவரின் உதவியோடு தேறி வருகிறாள். சைக்கிளும் ஓடுகிறாள், கிழமையில் இரண்டு நாள் பாரம் தூக்குகிறாள். மலையேறிய நேரத்தைக் குறிக்கும் கருவியைத் தாயிடம் கொடுத்துவிட்டாள்.

அண்ணையிடம் நான் வீட்டுக்கே போனேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. “அண்ணை, நான் அண்டைக்குச் சொன்னது பிழை” என்றேன். அவர் தேத்தண்ணி போடச் சொன்னார். வெகுநேரம் கிரிக்கெட் கதைத்தோம். வாசலில் வைத்துத்தான் “மலைக்கு வரமாட்டன்” என்றார்.

அதனால் இப்போது எங்கள் குழுவில் மாதத்தில் இரண்டு ஞாயிறு கடற்கரை வீதிதான். கோப்பிக் கடையில் ஒருவருடைய உடம்பைப் பற்றிக் கதைப்பதில்லை என்று பேசிக்கொண்டோம். முழுவதும் நடக்கிறது என்று சொல்லமாட்டேன், பழக்கம் விடுகிறதில்லை. தெற்கிலிருந்து காற்று அடிக்கும் காலைகளில் அண்ணைக்குப் பின்னால் இடம் பிடிக்கப் போட்டி நடக்கும். அவருடைய முதுகின் மறைவில் நாங்கள் கால்வாசிக்கு மேல் சக்தியை மிச்சம் பிடித்துக்கொண்டு மோடியலக் வரை போவோம்.