நிம்மதி மாத்திரையை நிறுத்தப் போகிறீர்களா?

படபடப்புக்கென்று டாக்டர் எழுதித் தந்த சின்ன மாத்திரையைப் பல மாதங்களாகச் சாப்பிட்டு வருகிறீர்களா? "இன்றோடு இதற்கு ஒரு முழுக்கு!" என்று வைராக்கியமா? கொஞ்சம் பொறுங்கள், சகோதரி! காப்பியைத் திடீரென்று விட்டால் தலைவலியோடு போகும். இந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால், சிலருக்கு வலிப்பே வந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

1960-ல் 'லிப்ரியம்' வந்தது, 1963-ல் 'வாலியம்'. இன்று டாக்டர்கள் எழுதித் தரும் அல்ப்ரஸோலம், குளோனஸெபம் எல்லாம் அதே குடும்பந்தான். மேனாடுகளில் இவற்றை ஆண்களைவிட அதிகம் விழுங்கியவர்கள் பெண்களே. வீட்டுக் கவலையைச் சொல்லப் போனால் கையில் ஒரு சீட்டு! காது கொடுத்துக் கேட்க யாருக்கு நேரம்?

கேட்டவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்து டாக்டர் ஹீதர் ஆஷ்டன் என்ற பெண்மணி, 1982 முதல் 1994 வரை, இந்த மாத்திரைகளை விட விரும்புகிறவர்களுக்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். முந்நூறு பேருக்கு மேல் வந்தார்கள். போதைக்காரர்கள் அல்ல, டாக்டர் சொன்னபடி சாப்பிட்டவர்கள். மாத்திரையைக் குறைத்தால் தூக்கம் போயிற்று, கை நடுங்கிற்று, வியர்த்தது, வெளிச்சமும் சத்தமும் சகிக்கவில்லை. இதைப் பார்த்ததும், "பழைய வியாதி திரும்பிவிட்டது" என்றுதான் எவருக்கும் தோன்றும். பெரும்பாலும் அப்படி அல்ல. மருந்து விலகும் வேதனை அது.

ஏன் இப்படி? மூளையில் 'காபா' என்று ஒரு பொருள் இயற்கையாகவே இருந்து நரம்புகளை அமைதிப்படுத்துகிறது. மாத்திரை அதற்குக் கை கொடுக்கிறது. சமையற்காரி வந்துவிட்ட வீட்டில் மருமகளுக்கு அடுப்படி மறந்து போவதில்லையா? அதுபோல மூளையும் சோம்பிவிடுகிறது. சமையற்காரி ஒரே நாளில் நின்றுவிட்டால் வீடு என்ன பாடுபடும்!

ஆகவே ஆஷ்டன் மெள்ள மெள்ள இறக்கினார். அல்ப்ரஸோலம் உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும். வாலியம் நெடுநேரம் தங்கும். எனவே பலரை முதலில் வாலியத்துக்கு மாற்றி, பிறகு ஓரிரு வாரங்களுக்கு ஒரு முறை, அப்போது சாப்பிடும் அளவில் பத்தில் ஒரு பங்கு போலக் குறைத்தார். வேகத்தை நோயாளியே நிர்ணயித்தார். 2025-ல் அமெரிக்க வைத்திய சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் நிதானம்: ஆரம்பத்தில் 100-க்கு 5 முதல் 10 பங்குவரை, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை. மாதக் கணக்கு ஆகும். சிலருக்கு வருஷமும் ஆகலாம். "மனோதிடம் இல்லை" என்று கணவர் சொன்னால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்!

கணக்கை நீங்களாகப் போடாதீர்கள், டாக்டர் போடட்டும். கர்ப்பிணியானாலும், முன்பு வலிப்பு வந்திருந்தாலும் அவரிடம் மறைக்க வேண்டாம். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை உடைக்கவே கூடாது. வலிப்போ சித்தப் பிரமையோ கண்டால் உடனே ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று: கல்யாணத்துக்கு வெளியூர் போகும்போது பட்டுப்புடவையோடு மாத்திரையையும் எடுத்து வையுங்கள். நாலு நாள் மறதியும் திடீர் நிறுத்தம்தான்.