கறள் பிடிக்கும் இரும்பு நீரைத் திருத்துவது எப்படி?

மழையில் நனைந்த மண்வெட்டியைத் துடைக்காமல் வைத்தால் கறள் பிடிக்கும் என்பது நாம் அறிந்ததே. விவசாயிக்கு நட்டம் தரும் அதே கறள், நஞ்சு கலந்த நீரைத் திருத்தவும் உதவுகிறது.

உருக்கு ஆலையில் செஞ்சூடான உருக்கை உருட்டித் தகடாக்கும்போது, அதன் மேற்பரப்பு காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து கருஞ்செதில்களாக உதிர்கிறது. இக்கழிவில் ஏறக்குறைய 70 சதவீதம் இரும்பே. இதனை அரைத்து, கரித்தூளுடன் கலந்து, ஏறத்தாழ 1000 பாகை செல்சியசில் சூடாக்கினால், கரி ஒட்சிசனைக் கவர்ந்துகொள்ளும். எஞ்சுவது நுண்துளைகள் நிறைந்த இரும்புத் துணிக்கைகள். துணிக்கை சிறுக்கச் சிறுக்க நீர் படும் பரப்புக் கூடும்; தாக்கமும் விரைவாகும். ஈரம் படாமல் மூடி வைக்காவிட்டால், பாவிக்குமுன்பே கறள் பிடித்து வீணாகிவிடும்.

இத்துணிக்கை நீரில் கறள் பிடிக்கும்போது இலத்திரன்களை இழக்கிறது. நீரிற் கரைந்துள்ள நச்சுக் குரோமியம் அவற்றைப் பெற்று, நச்சுக் குறைந்த, எளிதிற் கரையாத வடிவமாகித் தங்கிவிடுகிறது. ஆசனிக்கு அங்கு உண்டாகும் கறளில் ஒட்டிக்கொள்கிறது.

ஐக்கிய அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் எலிசபெத் நகரில், உலோக முலாம் பூசும் பட்டறையொன்றிலிருந்து கசிந்த குரோமியம் நிலத்தடி நீரிற் பரவியிருந்தது. 1996இல் அந்நீர் செல்லும் வழியில் 46 மீற்றர் நீளமும் ஏறத்தாழ 7 மீற்றர் ஆழமும் கொண்ட அகழியை வெட்டி, இரும்புத் துருவலால் நிரப்பினர். நீர் தானாகவே அதனூடாக ஊறிச் சென்று, குரோமியம் நீங்கி வெளியேறியது. நீரை இறைக்க இயந்திரம் தேவைப்படவில்லை.

இதைக் கேட்டதும் பழைய இரும்பைக் கிணற்றினுள் போட்டுவிடாதீர்கள். அதில் வர்ணமும் எண்ணெயும் ஒட்டியிருக்கலாம். கிருமிகளுக்கு இது நம்பத்தக்க பரிகாரமன்று. நீரைக் கொதிக்க வைத்தே பருகவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டக் கிணறுகளில் பசளையால் சேரும் நைத்திரேற்றை இரும்பு பெரும்பாலும் அமோனியாவாக மாற்றுமேயன்றி நீரைவிட்டு அகற்றாது. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. கைக்குழந்தைகளுக்குப் பால்மா கரைக்கும் தாய்மார் இதனை முக்கியமாக நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே, நெடுநாள் பாவிக்காத கிணற்றுக்குத் திரும்பினாலும், புதிய இடத்தில் குடியேறினாலும், முதலில் கேட்கவேண்டியது "என்ன மருந்து?" என்பதன்று, "என்ன நோய்?" என்பதே. பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகி நீரைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். நோயை அறிந்தபின் மருந்தைத் தேடுவோம்.