மாட்டிடம் கணக்குக் கேட்போம்

பால் நிறுக்கும் இடத்தில் அரைக் கிலோ குறைந்தாலும் கிராணியிடம் போய் நியாயம் கேட்கிறவர்கள் நாம். சம்பளச் சீட்டில் ஒரு நாள் பேர் விட்டுப்போனால் நமக்குத் தூக்கம் வராது. ஆனால் கொல்லையில் கட்டியிருக்கும் மாட்டிடம் மட்டும் நாம் கணக்கே கேட்பதில்லை.

தோட்டங்களுக்குப் போகும்போது பார்க்கிறோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கறவை மாடு, பக்கத்தில் நாலு பாத்தி கீரை. சாயந்திரத்தில் வீட்டுக்காரம்மா முறுக்கு சுட்டு பாசார் மாலாமுக்குக் கொடுத்தனுப்புவார். மூன்றிலும் வரும் காசு ஒரே பிஸ்கட் டின்னில் விழுகிறது. தீவனம், எண்ணெய், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு எல்லாம் அந்த டின்னிலிருந்துதான். மாசக் கடைசியில் டின் காலி. உடனே, "மாட்டை வித்துப்புடலாம்" என்று பேச்சு வருகிறது. டின்னைக் காலி செய்தது மாடுதானா?

தோழர்களே, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி மூன்று தொழிலுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், உழைத்த மணி கீழே. கணக்குப் புரிவதற்காக நாமே சில எண்களைப் போட்டுப் பார்ப்போம்.

மாடு நாளைக்கு 5 லிட்டர் கறக்கிறது, லிட்டர் 7 வெள்ளி என்று வைப்போம். வீட்டுக்கு எடுக்கும் ஒரு லிட்டரையும் வரவில் எழுத வேண்டும். கடையில் வாங்கினால் காசு கொடுப்போம் அல்லவா! 30 நாளுக்கு 1,050 வெள்ளி. கீரைக்குப் போகும் எரு 40 வெள்ளி. அது மாட்டுக்கு வரவு, கீரைக்குச் செலவு. தீவனம், மருந்து, பெட்ரோல் 460 போக மிச்சம் 630. புல்லறுப்பு, கறவை, பால் ஊற்றுவது என்று நாளைக்கு 3 மணி, மாசம் 90 மணி. மணிக்கு 7 வெள்ளி.

கீரையில் வரவு 420, எருவோடு சேர்த்துச் செலவு 120. மிச்சம் 300. உழைப்பு 30 மணி. மணிக்கு 10 வெள்ளி.

முறுக்கு 140 பாக்கெட், பாக்கெட் 5 வெள்ளி. கையில் 700 வெள்ளி புரளும்போது மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் மாவு, எண்ணெய், கேஸ், பாக்கெட், பெட்ரோல் 460 போனால் நிற்பது 240. அடுப்படியில் 48 மணி வெந்ததற்கு மணிக்கு 5 வெள்ளி! அந்த அம்மாவின் உழைப்பை நாம் ஒரு நாளும் எழுதாததால்தான் இது தெரியாமல் போனது.

2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக்கப்பட்டது. 26 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. எட்டு மணி வேலைக்கு மணிக்கு எட்டு வெள்ளிக்குச் சற்று மேல். அப்படியானால் மாடும் நட்டம், முறுக்கும் நட்டம் என்று பாய்ந்துவிடாதீர்கள். விடியுமுன்னும் பொழுது சாய்ந்தும் நாம் மாட்டுக்குக் கொடுக்கும் மணிகளை வேறு யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை என்றால், அந்த 630 வெள்ளி குடும்பத்துக்கு மிச்சமே. மாட்டை விற்றால் அது போய்விடும். மோட்டார் சைக்கிள் தவணை போகாது. மூன்று தொழிலும் சேர்ந்து சுமக்கும் அந்தத் தவணையை மீதி இரண்டும்தான் சுமக்க வேண்டும்.

ஒரு மாசக் கணக்கு மாட்டுக்குப் போதாது. கன்று போடுவதற்கு முன் சுமார் இரண்டு மாசம் மடி வற்றியிருக்கும், வாய் வற்றாது. அந்தத் தீவனத்தையும் கன்றின் விலையையும் சேர்த்து ஒரு வருசத்துக்கு எழுதினால்தான் மாட்டின் உண்மையான முகம் தெரியும்.

முறுக்கையும் உடனே நிறுத்த வேண்டாம். பாக்கெட்டுக்கு 50 காசு ஏற்றி, விற்பனை குறையாவிட்டால் 70 வெள்ளி கூடும். மணிக்கு ஆறரை வெள்ளிக்குக் கிட்ட வரும். அண்டை வீட்டாரோடு சேர்ந்து எண்ணெய், மாவை மொத்தமாக வாங்கினால் இன்னும் கொஞ்சம். விலை ஏற்றியதும் வாங்குகிறவர்கள் குறைகிறார்களா என்று நாலு வாரம் பாக்கெட்டை எண்ணி எழுதுங்கள். அதன் பிறகு அந்த அம்மாவையே முதலில் கேளுங்கள்.