"இலை போடலாம்" என்று யார் சொல்வது?

நாகர்கோவில் பக்கத்துக் கல்யாணங்களில், பந்தி தொடங்கும் முன் ஆக்குப்புரைக்குள் ஒரு சின்னக் காரியம் நடக்கும். சமையல்காரரான தவசிப்பிள்ளை கரண்டியைச் சாம்பாருக்குள் விட்டு எடுத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்ப்பார். பெண்வீட்டுக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். "இலை போடலாம்" என்று அவர் வாயிலிருந்து வந்த பிறகுதான் இலை விழும். செலவு செய்தவர் அவசரப்பட்டாலும் அதற்கு முன் விழாது.

விமானத்துக்கும் அப்படி ஒரு சொல் இருக்கிறது. சக்கரம் மாற்றினாலும் எஞ்சினையே கழற்றி மாட்டினாலும், வேலை முடிந்ததும் லைசென்ஸ் உள்ள பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சி.ஆர்.எஸ். என்பார்கள், விமானத்தைச் சேவைக்கு விடுவிக்கும் சான்று. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் விமானி வந்து உட்கார்ந்தாலும் விமானம் நகராது.

அந்தக் கையெழுத்தை யார் போடலாம், எதைப் பார்த்துப் போட வேண்டும், போட்ட பிறகு எதற்கெல்லாம் பொறுப்பு என்பதைச் சொல்லிக்கொடுக்கும் பாடம்தான் லைசென்ஸ் தேர்வின் மாட்யூல் 10, ஏவியேஷன் லெஜிஸ்லேஷன். ஏ.எம்.இ. எனும் விமானப் பராமரிப்புப் பொறியியல் மாணவர்கள் எஞ்சின் பாடத்தை ஆசையாகப் படிப்பார்கள். இதைத் தேர்வுக்கு முந்தின வாரம் மனப்பாடம் செய்வார்கள். கேள்விக்குச் சராசரியாக 75 நொடி, தேற 75 சதவீதம் என்ற கணக்கில் மனப்பாடமே போதும் என்று தோன்றுவது இயல்பு. எனக்கென்னவோ, சமையல்கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு இதைப் படித்தால் பாதி மனப்பாடம் தேவைப்படாது என்று படுகிறது.

மேலிருந்து வருவோம். 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் 52 நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதிலிருந்து பிறந்ததுதான் மான்ட்ரியலில் இருக்கும் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. ஒப்பந்தத்துக்கு இன்று 19 இணைப்புகள். முதலாவது லைசென்ஸ் பற்றியது, எட்டாவது விமானத்தின் பறக்கும் தகுதி பற்றியது. இது ஊர் கூடிப் பேசி வைத்த பந்தி முறை மாதிரி. ஒரு நாடு தன் வழியில்தான் செய்வேன் என்றால் செய்யலாம். ஆனால் ஒப்பந்தத்தின் 38ஆவது பிரிவின்படி அந்த வித்தியாசத்தை முறையாகத் தெரிவித்துவிட வேண்டும். எங்கள் வீட்டுச் சாம்பாரில் வெல்லம் உண்டு என்று விருந்தாளியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது போல.

அதற்குக் கீழே நாட்டின் சட்டம். இந்தியாவில் 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டம்தான் நெடுங்காலம் இருந்தது. அதன் இடத்துக்கு 2025 ஜனவரி 1 முதல் பாரதீய வாயுயான் அதினியம், 2024 வந்துவிட்டது. சட்டத்துக்குக் கீழே விதிகள். 1937ஆம் ஆண்டின் விதிகளில் 61ஆவதுதான் பராமரிப்புப் பொறியாளரின் லைசென்ஸுக்கு வேர். விதிகளுக்குக் கீழே விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. வெளியிடும் 'கார்' எனும் தேவைத் தொகுப்புகள். பொறியாளர் தினமும் கையில் புரட்டுவது இவற்றைத்தான். இவை பெரும்பாலும் ஐரோப்பிய விதிகளை ஒட்டி எழுதப்பட்டவை, எண்கள் உட்பட. அங்கே பார்ட்-66 என்றால் இங்கே கார்-66.

மாணவர்களைக் குழப்புவது இந்த எண்கள்தான். 21, எம், 145, 66, 147. கல்யாண வீட்டில் இவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

பக்குவத்தை எழுதியவர் 21, அதாவது விமானத்தை வடிவமைத்தவர். எத்தனை படி அரிசிக்கு எத்தனை தேங்காய் என்று முடிவுசெய்து ஒப்புதல் வாங்கியவர். அவர் எழுதியதை ஒப்புதல் இல்லாமல் மாற்ற மற்றவர்களுக்கு உரிமை இல்லை. கைப்பக்குவம் என்று நாம் கொண்டாடும் குணம் இங்கே குற்றம்.

கல்யாண வீட்டுக்காரர் எம். விமான நிறுவனத்தின் சார்பில் என்ன வேலை, எப்போது செய்யப்பட வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பவர். சமையல் கான்டிராக்ட் எடுத்தவர் 145, அதாவது பராமரிப்பு நிறுவனம். இந்த இருவருக்கும் நடுவில்தான் தேர்வில் அதிகம் சறுக்குவார்கள். எரிசேரியைக் கெடுத்தால் கான்டிராக்டர் பொறுப்பு. எரிசேரியைச் சிட்டையில் எழுத மறந்தால் வீட்டுக்காரர் பொறுப்பு. விமானம் பறக்கும் தகுதியோடு இருக்கிறதா என்ற மொத்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரரே. வேலையை வெளியே கொடுத்தேன் என்று கைகழுவ முடியாது.

147 பயிற்சிப் பள்ளி. 66 தவசிப்பிள்ளையின் லைசென்ஸ். அதிலும் வகுப்பு உண்டு: சின்ன வேலைகளுக்கு ஏ, உடல், எஞ்சின் பக்கம் பி1, மின்னணுப் பக்கம் பி2, ஹேங்கரில் நிறுத்திச் செய்யும் பெரிய பராமரிப்புக்குப் பிறகு விமானத்தை விடுவிப்பவர் சி.

லைசென்ஸ் கையில் வந்ததும் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. பெரிய பயணிகள் விமானமானால் அந்த ரகம் லைசென்ஸில் ஏறியிருக்க வேண்டும். ஏ320 தெரிந்தவர் 737-ஐ விடுவிக்க முடியாது. உருளியில் பிரதமன் காய்ச்சத் தெரியும் என்பதற்காகக் கேக் அடுப்பைக் கொடுத்துவிடுவதில்லை. பிறகு, வேலை பார்க்கும் நிறுவனம் தனியாக அங்கீகாரம் தர வேண்டும். கடந்த 2 ஆண்டுகளில் குறைந்தது 6 மாதப் பராமரிப்பு அனுபவமும் வேண்டும். கைவிட்ட அடுப்பில் மறுபடி நேராக வந்து நிற்க முடியாது.

இனி விதிகள் எங்கிருந்து வருகின்றன என்பது. அதற்குப் பிரஷர் குக்கரை எடுத்துக்கொள்வோம்.

கேஸ்கெட் போடாமல் குக்கரை மூடினால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 1983 மே 5 அன்று மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவுக்குப் புறப்பட்ட ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் டிரைஸ்டார் விமானத்துக்கு மூன்று எஞ்சின்கள்; மூன்றிலும் கேஸ்கெட் இல்லை. எஞ்சின் எண்ணெயில் உலோகத் துகள் சேர்கிறதா என்று பார்க்கக் காந்த முனையுள்ள ஒரு சின்ன உறுப்பு உண்டு. முந்தின இரவில் அதை மாற்றினார்கள். வழக்கமாக ஃபோர்மேன் அலமாரியில் கேஸ்கெட்டான ஓ-ரிங் மாட்டி அந்த உறுப்பு தயாராக இருக்கும். அன்று அலமாரி காலி. ஸ்டோரிலிருந்து வாங்கியவற்றில் ரிங் இல்லை. புது ரிங்கோடு மாட்ட வேண்டும் என்று வேலைச் சீட்டில் எழுதியிருந்தது. மாட்டியதாகக் கையெழுத்தும் இருந்தது. மேலே போனதும் மூன்று எஞ்சின்களிலும் எண்ணெய் ஒழுகித் தீர்ந்தது. மூன்று மானிகளும் ஒரே நேரத்தில் கீழே விழ, மானிகள்தான் பழுது என்று விமானிகள் முதலில் நினைத்தார்கள். எண்ணெய் குறைகிறது என்று முதலில் அணைத்து வைத்திருந்த எஞ்சினையே திரும்ப உயிர்ப்பித்து, அந்த ஒன்றை வைத்து மயாமியில் இறங்கினார்கள். 172 பேரும் பிழைத்தார்கள்.

ஒரே ஆள் ஒரே அமர்வில் எல்லா எஞ்சின்களிலும் ஒரே வேலையைச் செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்று 145-இல் படிக்கும்போது இந்த மூன்று மானிகளையும் நினைத்துக்கொண்டால் போதும். மூன்று பானைக்கும் ஒரே கை உப்புப் போட்டால், மறந்தால் மூன்றிலும் மறக்கும்.

இன்னொன்று பிரிட்டனில் நடந்தது. 1990 ஜூன் 10. பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மாலகாவுக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில் சுமார் 17,000 அடி உயரத்தில் கேப்டனுக்கு முன்னால் இருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடம்பு வெளியே. விமானப் பணியாளர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உயிர் பிழைத்தார்.

அந்தக் கண்ணாடியைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகளின் விட்டம் 0.026 அங்குலம் குறைவு, மில்லிமீட்டரில் சொன்னால் 0.66. மீதி 6 நீளத்தில் குறைவு. ஷிஃப்ட் மேலாளர் தானே இரவில் உட்கார்ந்து செய்த வேலை. கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்து, அதே மாதிரி இருப்பதைக் கண்ணால் பொருத்தி எடுத்தார். ஸ்டோர்காரர் சரியான எண்ணைச் சொல்லியும் எடுத்துக்கொள்ளவில்லை. பாகப் பட்டியலைத் திறக்கவில்லை. இதில் வேடிக்கை, கழற்றிய பழைய போல்ட்டே தவறான நீளம். ஏதோ தாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. பாட்டில் மூடியைத் தொலைத்துவிட்டு இன்னொரு பாட்டிலின் மூடியைத் திருகி "உட்காருகிறதே" என்று விடுகிறோம் அல்லவா, அதே காரியம். அந்தக் கண்ணாடி வெளிப்பக்கமிருந்து பொருத்துவது. உள்ளே காற்றழுத்தம் ஏற ஏற முழு பாரமும் போல்ட்டின் மேல்.

அந்த வேலையை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்று அப்போது கட்டாயம் இல்லை. அங்கீகரித்த ஆவணத்தை வைத்தே வேலை, முக்கியமான இடங்களில் தனி ஆளின் சோதனை என்று இன்று பாடத்தில் வரும் வரிகள் வறண்டவைதான். அவற்றின் கீழே இப்படி ஒரு காற்று வீசுகிறது.

எம்.இ.எல். பற்றியும் ஒரு வார்த்தை. அப்பளம் தீர்ந்தால் பந்தி நிற்காது, சோறு தீர்ந்தால் நிற்கும். விமானத்தில் எது அப்பளம், எது சோறு என்று முன்பே எழுதி ஒப்புதல் வாங்கிய பட்டியல் அது. அப்பளம் இல்லாமலே ஓட்டிக்கொண்டும் இருக்க முடியாது: பி வகைப் பழுதுக்கு 3 நாள், சி வகைக்கு 10, டி வகைக்கு 120. பழுது தெரிந்த நாள் கணக்கில் சேராது. இது தேர்வில் நிச்சயம் கேட்கத்தக்க இடம்.

பாகங்களுக்கும் பிறப்புச் சான்று வேண்டும். தேங்காயை உடைத்தால் அழுகல் தெரிந்துவிடும். எஞ்சின் பாகத்தில் தெரியாது, தாளை வைத்துத்தான் நம்ப வேண்டும். 2023-இல் சி.எஃப்.எம்.56 எஞ்சின் பாகங்களுக்குப் பொய்ச் சான்றிதழ்கள் புழங்கியது வெளியே வந்தபோது, பல நாட்டு விமான நிறுவனங்கள் தங்கள் எஞ்சின்களில் அந்தப் பாகங்களைத் தேட வேண்டியதாயிற்று. பாகம் நல்லதாகவே இருந்திருக்கலாம். தாள் பொய் என்றால் அது பாகமே இல்லை.

சி.ஆர்.எஸ். வாசகத்தையே கடைசியாக ஒருமுறை வாசிக்கலாம். குறிப்பிட்ட வேலை விதிப்படி செய்யப்பட்டது, அந்த வேலையைப் பொறுத்தவரை விமானம் சேவைக்குத் தயார் என்பதே அதன் சாரம். "அந்த வேலையைப் பொறுத்தவரை" என்ற மூன்று சொற்களைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுவார்கள். சக்கரம் மாற்றியவர் எஞ்சினுக்குச் சாட்சி சொல்லவில்லை. அவியலை ருசி பார்த்தவர் அவியலுக்கு மட்டுமே "இலை போடலாம்" என்கிறார். சாம்பாருக்கு வேறொருவர் உள்ளங்கையை நீட்ட வேண்டும்.